காசில்லாமல் வீடியோ எடிட்டிங்: கேடென்லைவ், ஷாட்கட், ரிசால்வ் மூன்றில் உங்களுக்கு எது?

"அண்ணே, காசு கொடுக்காம எடிட் பண்ணணும், எதைப் போடட்டும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ். யூடியூபில் தேடினால் ஒவ்வொன்றுக்கும் 'இதுதான் பெஸ்ட்' என்று சத்தியம் செய்ய ஒரு ஆள் இருக்கிறார். ஆனால் கேட்கிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லையே. மார்த்தாண்டத்தில் கல்யாண ஸ்டுடியோ தொடங்கப் போகிறவர் ஒருவர், குளச்சலில் வள்ளம் கரையேறுவதை போனில் எடுத்து சேனலில் போடும் தம்பி ஒருவர், அம்மன் கோவில் கொடையில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறவர் இன்னொருவர். இவர்கள் மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறவர் எடிட்டிங் செய்து பார்த்தவராக இருக்க மாட்டார்.

முதலிலேயே ஒன்றைப் பிரித்துவிடுவோம். கேடென்லைவும் ஷாட்கட்டும் கட்டற்ற மென்பொருள்கள். மூல நிரல் வெளியே இருக்கிறது, யாரும் எடுத்துத் திருத்தலாம், நாளைக்கு யாரும் வந்து பூட்டுப் போட முடியாது. ரிசால்வ் அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனத்துச் சரக்கு அது, இலவசப் பதிப்பு என்பது அந்த நிறுவனம் விரும்பித் தருவது. தருகிற வரைக்கும் நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதை இலவசமாக விடுவது, எதை நிறுத்துவது என்பது அவர்கள் கையில்.

எதை வைத்து அளப்பது

உங்கள் கம்ப்யூட்டர்தான் முதல் கேள்வி. நம்ம ஊரில் எடிட்டிங் தொடங்குகிறவர்களில் நிறைய பேர் பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது என்கிற நிலையில்தான் தொடங்குகிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் யோசிக்கிறார்கள், நல்ல யோசனைதான், ஆனால் அது உங்கள் எடிட்டர் தேர்வையும் மாற்றிவிடும். எப்படி என்று கீழே வருகிறது.

இரண்டாவது, உங்கள் கேமரா என்ன கோப்பு தருகிறது என்பது. போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராக எடுக்காது, வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமும் குறையும். எடிட்டில் கொண்டுவந்து போட்டால் பத்தாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம் போகும், சத்தம் ஒரு பக்கம் போகும். மூன்றாவது, தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா. களியக்காவிளை, விளவங்கோடு பக்கம் என்றால் மலையாளமும் சேர்த்து. நான்காவது, அஞ்சு வருஷம் கழித்து அந்த வீட்டார் "தம்பி, அந்தக் கல்யாண வீடியோல சின்ன திருத்தம்" என்று வந்தால் புராஜெக்ட் திறக்குமா. கடைசியாக, வேலையை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள், அல்லது யாரிடம் வேலைக்குச் சேரப் போகிறீர்கள்.

மழைக் காலத்தில் கரண்ட் போவதை ஒரு அளவுகோலாகச் சேர்க்கவில்லை, மூன்றுமே தானாகச் சேமிக்கும். அதற்காக யூபிஎஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

| | கேடென்லைவ் | ஷாட்கட் | ரிசால்வ் (இலவசம்) |
|---|---|---|---|
| உரிமம் | கட்டற்றது | கட்டற்றது | நிறுவனத்துடையது |
| பழைய லேப்டாப் | ப்ராக்ஸி (சின்னப் பிரதி) போட்டால் ஓடும் | ஓடும் | திணறும் |
| லினக்ஸில் | இயல்பாக ஓடும் | இயல்பாக ஓடும் | போன், கேமரா தரும் எச்.264 கோப்பு திறக்காது |
| கலர் வேலை | போதுமானது | போதுமானது | மிக நன்று |
| புராஜெக்ட் கோப்பு | எழுத்தாகப் படிக்கலாம் | எழுத்தாகப் படிக்கலாம் | டேட்டாபேஸில் இருக்கும் |
| பழக | நடுத்தரம் | முதல் நாள் எளிது | நாளாகும் |
| மறைந்திருக்கும் செலவு | ப்ராக்ஸிக்கு டிஸ்க் இடம் | பெரிய வேலையில் நேரம் | கிராஃபிக்ஸ் கார்டு |

கேடென்லைவ்

2002-இல் தொடங்கிய திட்டம், இப்போது கட்டற்ற மென்பொருள்கள் செய்யும் கேடிஇ குழுவின் குடையில் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பழைய மெஷின்காரர்களுக்கு இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் ப்ராக்ஸி. 4கே கிளிப்பைப் போட்டால் அதற்கு ஒரு சின்னப் பிரதி செய்துகொண்டு, வெட்டி ஒட்டும்போது அந்தப் பிரதியைக் காட்டும், கடைசியில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது மட்டும் அசலை எடுத்துக்கொள்ளும். எட்டு ஜிபி ராமில் இரண்டு கேமரா கல்யாணத்தை உட்கார்ந்து வெட்டுவதற்கு இது ஒன்றே போதும். இரண்டு கேமராவின் ஒலியை ஒப்பிட்டு கிளிப்புகளை ஒரே நேரத்துக்கு நிறுத்தும் வசதியும் இருக்கிறது. கோவில் மண்டபத்தில் யாரும் கிளாப் அடித்துவிட்டுத் தாலி கட்டப் போவதில்லை என்பதால் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரையும் உள்ளேயே இணைத்துக்கொள்ளலாம், தமிழும் வரும். ஆனால் விளவங்கோட்டுப் பேச்சைக் கொடுத்துவிட்டு அப்படியே சப்டைட்டிலாகப் போட்டுவிடாதீர்கள். வரிக்கு வரி திருத்த வேண்டியிருக்கும். இருந்தாலும் ஒன்றுமே இல்லாமல் தொடங்குவதைவிட நேரம் மிச்சம்.

புராஜெக்ட் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் எழுத்து. வீடியோக்கள் வேறு டிரைவுக்குப் போய், பாதை எல்லாம் மாறிப்போனால்கூட நோட்பேடில் திறந்து பழைய பாதையைப் புதிய பாதையாக மாற்றிச் சேமிக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய வேலைகளை இதில் செய்யச் சொல்வேன்.

குறை? ப்ராக்ஸி டிஸ்கைத் தின்னும், உருவாக நேரமும் எடுக்கும், ஆகவே கிளிப்புகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது உத்தமம். எஃபெக்ட் நிறைய அடுக்கினால் சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். தானாகச் சேமித்தது திரும்பக் கிடைக்கும், என்றாலும் கன்ட்ரோல் எஸ் அடிப்பது பழக்கமாக வேண்டும்.

ஷாட்கட்

கேடென்லைவுக்கு அடியில் இருந்து வீடியோவைக் கையாளும் அதே எம்எல்டி எஞ்சின்தான் இதற்கும். அந்த எஞ்சினை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் டென்னடிதான் ஷாட்கட்டையும் நடத்துகிறார். ஆகவே ரெண்டர் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தேடாதீர்கள்.

விண்டோஸில் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் பதிப்பு கிடைக்கிறது, பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். கல்லூரி லேபில், நண்பன் கடையில், யார் கம்ப்யூட்டரிலும் செருகி வேலை பார்க்கலாம். போன் கிளிப்பைப் போட்டதும் ஃபிரேம் சீராக இல்லை என்று கண்டுபிடித்து 'மாற்றிக்கொள்ளட்டுமா' என்று அதுவே கேட்கும். கேடென்லைவும் கேட்கும். இரண்டிலுமே 'சரி' கொடுங்கள், அங்கேதான் பாதிப் பேர் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டு அப்புறம் ஒலி விலகுகிறது என்று வருகிறார்கள்.

குளச்சல் தம்பிக்கு இதுவே போதும். ஐந்து நிமிட வீடியோ, ஒரு டைட்டில், பின்னால் கொஞ்சம் இசை. மூன்று மணி நேரத் திருவிழாவை இதில் வெட்ட உட்கார்ந்தால்தான் சிரமம் தெரியும். எல்லாமே ஃபில்டர் என்கிற ஒரே பெட்டிக்குள் கிடக்கும், டிராக்குகள் கூடக் கூட தேடலே வேலையாகிவிடும்.

டாவின்சி ரிசால்வ்

கலர் விஷயத்தில் இதோடு மற்ற இரண்டையும் ஒப்பிடுவதே நியாயமில்லை. சினிமாவுக்குக் கலர் செய்யப் பிறந்த கருவி அது. சர்ச்சுக்குள் ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, ஒரு பக்கம் வெள்ளை எல்இடி, ஜன்னல் வழியாக வெயில், நடுவில் மணப்பெண். அல்லது குலசேகரம் ரப்பர் தோட்டத்துக்குள் எடுத்த அவுட்டோர் ஷூட், முகமெல்லாம் பச்சை. முகத்தின் நிறத்தை மட்டும் பிடித்துத் திருத்தி, பின்னணியைத் தொடாமல் விடும் வேலையை ரிசால்வ் செய்வதுபோல மற்றவை செய்யாது. இலவசப் பதிப்பிலேயே அல்ட்ரா எச்டி வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை ரெண்டர் செய்யலாம், வாட்டர்மார்க் விழாது. ஒலிக்குத் தனிப் பக்கம், கிராஃபிக்ஸுக்குத் தனிப் பக்கம் எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

இனி செலவுக் கணக்கு. ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். இலவச சாஃப்ட்வேருக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் இலவசம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாங்காதீர்கள்.

லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது, ஏஏசி ஒலியும் ஏறாது. போனும் பெரும்பாலான கேமராக்களும் தருவது இவற்றைத்தான். எல்லாவற்றையும் வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க முடியும், கோப்பு பல மடங்கு வீங்கும். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்று முடிவெடுத்தவர்கள் ரிசால்வை மறந்துவிடலாம். விண்டோஸிலும் புதிய கேமராக்கள் நிற விவரத்தை அதிகமாகச் சேர்த்துத் தரும் 10 பிட் 4:2:2 கோப்புகள் இலவசப் பதிப்பில் தகராறு செய்யும், கேமரா வாங்கும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ராத்திரிக் கொடை வீடியோக்களில் இருட்டில் புள்ளி புள்ளியாக இரையும் அல்லவா, அதை ரிசால்வ் அழகாக நீக்குகிறது என்று கேள்விப்பட்டுப் பலர் இறக்கிக்கொள்கிறார்கள். அந்த நாய்ஸ் ரிடக்‌ஷன் காசு கொடுக்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. 295 டாலர், மாதா மாதம் இல்லாமல் ஒரே தடவை. தொழிலாகச் செய்பவருக்கு அது நியாயமான விலைதான் என்பேன். ஷாட்கட்டில் இருக்கும் நாய்ஸ் குறைக்கும் ஃபில்டர் அந்தத் தரத்துக்கு வராது, ஆனால் இலவசம், போன் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதும் கஷ்டம்.

புராஜெக்டுகள் டேட்டாபேஸில் கிடப்பதால் வீடியோ ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, புராஜெக்டைத் தனியே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். புதிய பதிப்பில் ஒரு தடவை திறந்ததைப் பழைய பதிப்பு ஏற்காது. இந்த விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே அறிவுரைதான், பாதி வேலையில் அப்டேட் கொடுக்காதீர்கள்.

கிராக் போட்டது?

காசு கட்ட வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்த பிரதியை நான்காவது வழி என்று சொல்வார்கள். காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதைவிட நடைமுறைக் கவலை, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓடவிடும் அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது. ஒரு சீசன் கல்யாணம் முழுக்க ஒரே ஹார்டு டிஸ்கில் இருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம்.

தமிழ் டைட்டில்

எதைத் தேர்ந்தாலும் முதலில் 'நாகர்கோவில்' என்று அடித்துப் பாருங்கள். 'கோ' சரியாக, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நின்றால் நல்லது. தனித்தனியாகச் சிதறினால் அந்த மென்பொருளின் டைட்டில் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் டைட்டிலைச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து டைம்லைனில் போட்டுவிடுங்கள். எந்த எடிட்டரிலும் எழுத்து உடையாது.

ஃபிளக்ஸ் கடைப் பழக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறவர்கள் இன்னும் நிறைய. ஃபிளக்ஸில் அது ஓடும். சப்டைட்டிலுக்கு ஓடாது, ஏனென்றால் அது உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான், அடுத்தவர் திரையில் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. யூனிகோடில் நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், மீரா இனிமை என்று ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன, காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மீரா இனிமையைச் செய்த சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவே மஞ்சரி என்ற மலையாள எழுத்துருவையும் தருகிறது. இரு மொழியிலும் பெயர் போடக் கேட்கும் எல்லையோரக் கல்யாணங்களுக்குத் தோதானது.

இசை: மாட்டிக்கொள்ளும் இடம்

உண்மையைச் சொன்னால், எடிட்டர் தேர்வில் தப்பு செய்தால் சில நாள் நஷ்டம், அவ்வளவுதான். பின்னணி இசையில் தப்பு செய்தால் சேனலே போகும். ஆகவே இங்கே கொஞ்சம் அதிகம் பேசுகிறேன்.

"கல்யாண வீட்டில் ஓடிய பாட்டுதானே, அதை வீடியோவில் வைத்தால் என்ன" என்று கேட்பார்கள். கல்யாண ஊர்வலத்திலும் அதைச் சேர்ந்த விழாக்களிலும் பாட்டுப் போடுவதைக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே அனுமதிக்கிறது. அந்த அனுமதி மண்டபத்தோடு முடிந்தது. அதே பாட்டை வீடியோவில் ஒட்டி யூடியூபில் ஏற்றுவது வேறு வேலை, அதற்கு அந்தப் பிரிவு துணைக்கு வராது.

சரி, வேறு என்ன வழி? யூடியூப் ஆடியோ லைப்ரரி ஒன்று. யூடியூபுக்கு மட்டும் செய்கிறவருக்கு இதுதான் தலைவலி இல்லாத இடம். அதிலும் சில பாட்டுகளுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், பட்டியலிலேயே காட்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் இசை, அதாவது செய்தவரே சில நிபந்தனைகளோடு எடுத்துக்கொள்ளச் சொல்லி விட்ட இசை, இரண்டாவது. ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ், கெவின் மக்லௌடின் இன்காம்பிடெக், ஒலித் துணுக்குகளுக்கு ஃப்ரீசவுண்ட். இங்கே உரிமத்தின் எழுத்துகளைப் படிக்காமல் இறக்கக் கூடாது. 'பிஒய்' மட்டும் இருந்தால் தலைப்பு, கலைஞர் பெயர், சுட்டி, உரிமம் இவற்றைக் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். 'என்சி' இருந்தால் காசு வாங்கிச் செய்யும் கல்யாண வீடியோவுக்கும், விளம்பரம் ஓடும் சேனலுக்கும் ஆகாது. 'என்டி' இருந்தால் வீடியோவுக்கே ஆகாது, இசையைப் படத்தோடு சேர்ப்பதையே மாற்றி அமைப்பதாக அந்த உரிமம் கணக்கிடுகிறது. 'எஸ்ஏ' இருந்தால் நீங்கள் வெளியிடும் வீடியோவும் அதே உரிமத்தில் போக வேண்டும். அடுத்த வீட்டுக் கல்யாணத்தை அப்படி வெளியிட நமக்கு என்ன உரிமை? இந்த மூன்றும் இல்லாததையே எடுங்கள்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, நம்ம ஊரிலேயே பதிவு செய்வது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1846-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளை யாரும் வாசிக்கலாம். ஆனால் கேசட்டில் இருக்கும் ஒரு பாடகரின் பதிவை எடுக்க முடியாது, பாட்டு பொதுச் சொத்து, பதிவு அப்படி இல்லை. தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954-இல் காலமானார். ஆசிரியர் மறைந்து 60 வருஷம் என்ற நம் சட்டக் கணக்கில் 2015 முதல் அவர் பாடல் வரிகளை யாரும் சொந்த மெட்டில் பாடி வெளியிடலாம். தெரிந்த நாகஸ்வரக்காரரையும் தவில்காரரையும் கூப்பிட்டு, பேசிய தொகையைக் கொடுத்து, ஒரு மாலை உட்கார்ந்து பதிவு செய்தால் பல வருஷத்துக்கான முகூர்த்த இசை உங்கள் கையில். வாசித்தவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு, ஆகவே எந்தெந்த வேலைக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வில்லுப்பாட்டுக் குழுவைப் பதிவு செய்து ஏற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும், கொடைக்கு வந்து வாசித்ததால் யூடியூபுக்கும் சம்மதித்தார்கள் என்று ஆகாது.

பதிவை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் சுத்தம் செய்யலாம். முட்டம், சொத்தவிளை பக்கம் எடுத்த ஒலியில் காற்று இரைச்சல் இருந்தால் அதன் நாய்ஸ் ரிடக்‌ஷனை நம்பாதீர்கள், அது ஃபேன் சத்தம் மாதிரி சீரான இரைச்சலுக்குத்தான். கடல் காற்று சீராக அடிக்காது. தாழ்ந்த ஒலிகளை மட்டும் நீக்கும் ஹை பாஸ் ஃபில்டரில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டினால் அடி உறுமல் கொஞ்சம் குறையும். மைக்குக்கு ரோமத் தொப்பி போட்டுவிட்டே போவது அதைவிட மேல்.

கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையை எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுக்கவும் வீடியோவில் சேர்க்கவும் காப்புரிமைச் சட்டத்தில் தடை இல்லை. டிரோன் பறக்கவிடுவது வேறு விஷயம், அதற்கான அனுமதியை முதலில் விசாரியுங்கள்.

அப்போ எது?

பழைய லேப்டாப், அல்லது லினக்ஸ்: கேடென்லைவ். யோசிக்கவே வேண்டாம்.

போனில் எடுத்து வாரம் ஒரு சின்ன வீடியோ: ஷாட்கட். அது போதவில்லை என்று தோன்றும் நாளில் கேடென்லைவுக்குப் போகலாம், எஞ்சின் ஒன்றே என்பதால் பழகிய பல ஃபில்டர்கள் அங்கேயும் இருக்கும்.

கல்யாண ஸ்டுடியோ, கையில் நல்ல மெஷின்: ரிசால்வ். லாபம் வர ஆரம்பித்ததும் ஸ்டுடியோ பதிப்பை வாங்கிவிடுங்கள். திருவனந்தபுரம், கொச்சி, சென்னை என்று சினிமா, விளம்பர வேலைக்குப் போகிற எண்ணம் இருக்கிறவர்களுக்கும் ரிசால்வ்தான், அங்கே கேடென்லைவ் தெரியும் என்று சொன்னால் வேலை கிடைப்பது கடினம்.

ஊர்க் கலைகளைப் பதிவு செய்து பாதுகாக்கிறவர்களுக்கு, மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேடென்லைவையே சொல்வேன். இருபது வருஷம் கழித்து அதைச் செய்த நிறுவனம் இருக்குமோ இல்லையோ என்ற கவலை அதில் இல்லை. அசல் கோப்புகளையும் புராஜெக்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, இரண்டு டிஸ்கில் காப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இன்னமும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் உங்கள் கேமராவில் எடுத்த ஒரே ஐந்து நிமிடத்தை மூன்றிலும் வெட்டி, ஒரு தமிழ் டைட்டில் போட்டு, ரெண்டர் ஆகும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். கேடென்லைவையும் ஷாட்கட்டையும் முதலில் இறக்குங்கள், இரண்டும் சில நூறு எம்பிதான். ரிசால்வ் கிகாபைட் கணக்கில் வரும், அதை வைஃபை இருக்கும் இடத்தில் போய் இறக்கிக்கொள்ளுங்கள்.